சைக்கிளுக்கு டிக்கெட் உண்டா?

போன மாதம் எனக்கும் என் கிளாஸ்மேட் ஒருவனுக்கும் ஒரு விபரீத ஆசை வந்தது. அரியலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது, இன்றும் அங்கே கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கின்றன என்று படித்திருந்தோம். அதைப் போய்ப் பார்க்க வேண்டும். அரியலூர் வரை ரயில், அங்கிருந்து காட்டுக்குள் சைக்கிள். திட்டம் அருமை. சைக்கிளை ரயிலில் எப்படி ஏற்றுவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு ஸ்டேஷனில் (எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்) கவுண்டரில் போய்க் கேட்டேன். உள்ளே இருந்தவர் நல்ல மனுஷர். "தம்பி, சைக்கிளைப் பெட்டிக்குள்ள ஏத்த முடியாது. லக்கேஜ்ல புக் பண்ணணும். அரை மணி நேரம் முன்னாடியே கொண்டு வந்துரணும். அரியலூர்ல இறங்கி, ரசீதைக் காட்டி எடுத்துக்கணும்" என்று பொறுமையாகச் சொன்னார். கட்டணத்தையும் கணக்குப் போட்டுச் சொன்னார். என் டிக்கெட்டைவிட சைக்கிளுக்கு அதிகம்! என்னைவிட எடை குறைந்தது, சீட் கேட்காது, ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடாது. அதற்குப் போய் அதிகக் கட்டணமா?

அரியலூர் போகவில்லை. ஆனால் கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. தேடித் தேடிப் படித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த விதி. இரண்டாம் வகுப்பில் போகிற ஒருவர் 35 கிலோ வரை சாமான்களை இலவசமாகக் கொண்டு போகலாம். பெட்டி என்றால் 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம் வரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கூட்டர், சைக்கிள் போன்றவற்றுக்கு இந்த இலவச அளவு கிடையாது என்று ரயில்வே தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மண்ணச்சநல்லூர்க்காரன் வீட்டுக்கென்று 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினால் அது அவனுடைய சாமான். அதைவிட எடை குறைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினால் அது சரக்கு. ஆக, எடை பிரச்சினையே இல்லை. சைக்கிள் என்பது பயணியோடு சேர்ந்ததா, சரக்கோடு சேர்ந்ததா என்பதுதான் பிரச்சினை. இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

நம் ஊருக்கு ரயில் முதலில் வந்தது, சைக்கிள் பிறகுதான் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து போட்ட தண்டவாளம் 1862-ல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் ஓட்டுகிற மாதிரியான, இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இருக்கிற, செயின் வைத்த சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் கொண்டு வந்தது 1885-ல். டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888. அதாவது சைக்கிள் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னாலேயே திருச்சியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வேக்காரர்கள் உலகத்தை ஏற்கனவே இரண்டாகப் பிரித்து முடித்திருந்தார்கள். ஆள், ஆளோடு வரும் மூட்டை முடிச்சு ஒரு பக்கம். கார்டு பெட்டியிலும் கூட்ஸிலும் போகிற சரக்கு இன்னொரு பக்கம். நடுவில் வந்த சைக்கிளை எங்கே வைப்பது?

அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே ஆகிவிட்டது. 1890-களில் அங்கே சைக்கிள் மோகம் தலைவிரித்து ஆடிய காலம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சங்கம் வைத்து, ஓட்டு பலம் காட்டி, சட்டசபை வரை போனார்கள். 1896-ல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டமே போட்டது. பயணியின் பெட்டி படுக்கை எப்படியோ அப்படித்தான் சைக்கிளும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று. ஒரு வார்த்தையை மாற்றினார்கள், சைக்கிள் சும்மா ஏறிவிட்டது.

இங்கே அப்படி யாரும் கேட்கவில்லை. ஏன் என்பதற்கு என் ஊகம் இது. ஆரம்பத்தில் சைக்கிள் கப்பலில் வந்த சாமான். விலை அதிகம். அதை வைத்திருந்தவர்கள் துரைமார்களும் வசதியானவர்களும். அவர்களுக்கு லக்கேஜ் கட்டணம் ஒரு பொருட்டா? தூக்கி வைக்கவும் ஆள் இருந்தார்கள். பிறகு 1949-ல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, சைக்கிள் இங்கேயே தயாராகி, மெல்ல மெல்ல பால்காரர், தபால்காரர், வாத்தியார், கூலித் தொழிலாளி எல்லோருக்கும் வண்டியானது. வண்டிக்குச் சொந்தக்காரர்கள் மாறினார்கள், விதிப் புத்தகம் மாறவில்லை. புதிய சொந்தக்காரர்களுக்குச் சட்டசபை வரை போகிற சங்கமும் இல்லை.

இதில் நமக்கு ஒரு கூடுதல் வருத்தம் உண்டு. இந்தத் தென்னிந்திய ரயில்வே இருக்கிறதே, 1874-ல் உருவாகி 1951-ல் தெற்கு ரயில்வேயில் கலந்த கம்பெனி, அதற்கு இங்கே தலைமையகம் நம் திருச்சிதான்! 1931-ல் சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டதும் இதே கம்பெனிதான். மெட்ராஸ்காரர்கள் தினமும் வேலைக்குப் போய்வர மின்சார வண்டி விட்ட கம்பெனியின் ஆபீஸ் திருச்சியில் இருந்தது என்பதை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. அந்த வண்டிகளின் வாரிசுகளில் இன்று காய்கறி, பூ, மீன் கூடைக்காரர்களுக்கு என்று வெண்டர் பெட்டி இருக்கிறது. கூடைக்கு இடம் கிடைத்தது, சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ரயில்தான் இப்படி. மற்ற வண்டிகள் எதுவும் சைக்கிளை விரட்டியதில்லை. ஆற்றில் பரிசல் ஓடிய துறைகளில் சைக்கிளும் ஆளோடு சேர்ந்துதான் ஏறும். பரிசல்காரர் கூடக் கொஞ்சம் சில்லறை கேட்பார், அவ்வளவுதான். பஸ்ஸை மறந்துவிட முடியுமா? மொபசல் பஸ்களுக்குப் பின்னால் ஏணி இருக்கும், மேலே கேரியர் இருக்கும். வாழைத்தார், கோழிக் கூடை, அதற்கு நடுவே படுத்த வாக்கில் ஒரு சைக்கிள். கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். பார்சல் ஆபீஸ் கிடையாது, ரசீது கிடையாது, அரை மணி நேரம் முன்னால் வரவேண்டாம். இறங்கும்போது "அண்ணே, மேல சைக்கிள் இருக்கு" என்று கத்தினால் போதும். கேரியர் இல்லாத பஸ்கள் வந்த பிறகு அதுவும் போயிற்று.

வட இந்தியாவில் ரயிலிலேயே வேறு வழி கண்டுபிடித்தார்கள். பாசஞ்சர் ரயிலின் ஜன்னல் கம்பிகளில் கொக்கி மாட்டி, வெளிப்பக்கம் பால் கேன்களையும் சைக்கிள்களையும் தொங்கவிட்டுக்கொண்டு போகிற படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். சட்டப்படி தப்பு, ஆபத்தும்கூட. ஆனால் யோசித்துப் பாருங்கள். உள்ளே விடமாட்டேன் என்றதற்கு வெளியே தொங்கிக்கொண்டு சொன்ன பதில் அது.

நம் பக்கம் கண்டுபிடித்த வழி வேறு. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்தது.

என் தாத்தா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்கு வசூல் பார்த்தவர். எங்கள் ஊர் அரிசி காந்தி மார்க்கெட்டுக்கும் சுற்று வட்டாரக் கடைகளுக்கும் போகும். பின்னாலேயே தாத்தா போய்ப் பணம் வசூலித்து வருவார். தினமும் இருபது முப்பது கடை. சைக்கிள் இல்லாமல் அந்த வேலை நடக்காது. ஆரம்பத்தில் வீட்டிலிருந்தே மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம், அப்புறம் டவுன். ஆடி மாதக் காற்றில் கொள்ளிடம் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? மிதித்தால் பின்னால் போகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போகும். ஒருநாள் கைப்பிடிச் சுவரோடு சாய்ந்து கை எலும்பு விட்டுப் போனபிறகு பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், இனிமேல் பாலத்தில் சைக்கிள் கிடையாது என்று.

எங்கள் ஊருக்குள் ரயில் வராது. 1929-ல் திறந்த விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் லால்குடி வழியாக வந்து பிச்சாண்டார்கோவில், உத்தமர்கோவில், ஸ்ரீரங்கம், டவுன் ஸ்டேஷன் என்று போகிறது. வீட்டிலிருந்து உத்தமர்கோவிலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர், நல்ல சமதரை. அங்கே ஏறினால் இரண்டு ஆறும் உட்கார்ந்தபடியே தாண்டிவிடலாம். ஆனால் டவுனில் இறங்கினால் சைக்கிள் வேண்டுமே? தினமும் பார்சலில் போட்டு எடுப்பது நடக்கிற காரியமா? அதற்கு ஆகும் செலவில் பாதிச் சம்பளம் போய்விடும்.

தாத்தா பழைய சைக்கிள் இன்னொன்று வாங்கினார். ஒன்று உத்தமர்கோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு வேலியோரம் பகல் முழுக்க நிற்கும். இன்னொன்று டவுன் ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் இரவு முழுக்க நிற்கும். நடுவில் சீசன் டிக்கெட். வீட்டில் அவற்றுக்குப் பெயரே உண்டு, "ஊர் சைக்கிள்", "டவுன் சைக்கிள்" என்று. டவுன் சைக்கிளை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. தாத்தாவுக்கு டவுனில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, அதற்குப் பெயர் ஹெர்குலிஸ் என்று பாட்டி கிண்டல் செய்வாராம் :-)

தாத்தா ஒருவர்தான் இப்படி என்று நினைத்தேன். இல்லை. பம்பாய் டப்பாவாலாக்கள் 1890-லிருந்து இதே வேலையைத்தான் செய்கிறார்கள். வீட்டில் டப்பா வாங்குகிறவர் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வருவார். டப்பா மட்டும் லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் போகும். அந்தப் பக்கம் வேறு ஆள், வேறு சைக்கிள். சைக்கிளே இல்லாமல் இந்தத் தொழில் இல்லை, ஆனால் சைக்கிள் ரயில் ஏறுவதில்லை.

இதைவிட ஆச்சரியம் நெதர்லாந்து. சைக்கிளுக்கென்றே பிறந்த நாடு என்று நினைக்கிறோம் அல்லவா? அங்கே காலை மாலை கூட்ட நேரத்தில் முழு சைக்கிளை ரயிலில் ஏற்றக்கூடாது! மடக்கு சைக்கிள் என்றால் மட்டும் ஏறலாம். அதற்குப் பதிலாக ஸ்டேஷனிலேயே நிறுத்த இடம் கட்டுகிறார்கள். உட்ரெக்ட் ஸ்டேஷனில் 2019-ல் கட்டி முடித்த சைக்கிள் ஸ்டாண்டில் 12,500 சைக்கிள் நிற்கும். இறங்குகிற ஸ்டேஷனில் ஓட்ட, ரயில்வேயே வாடகை சைக்கிள் கொடுக்கிறது. அதாவது தாத்தாவின் டவுன் சைக்கிளை அந்த நாட்டு ரயில்வே வாங்கி வைத்திருக்கிறது.

டென்மார்க் நேர் எதிர். கோபன்ஹேகன் புறநகர் ரயிலில் 2010-லிருந்து சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. சைக்கிளுக்கு என்று தனி இடமும் ஒதுக்கினார்கள். சைக்கிளோடு ஏறுகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்து இலகு ரயிலில் ஆரம்பத்தில் சைக்கிள்காரர்கள் தனி பர்மிட் வாங்கவேண்டி இருந்தது. பிறகு தாழ்தளப் பெட்டிகள் வந்தபோது உள்ளேயே கொக்கி வைத்துவிட்டார்கள். முன்சக்கரத்தைத் தூக்கி மாட்டினால் சைக்கிள் செங்குத்தாகத் தொங்கும், இடம் அடைக்காது. (வட இந்தியப் பால்காரரும் இதே கொக்கியைத்தான் மாட்டினார். அவர் வெளியே மாட்டினார், இவர்கள் உள்ளே மாட்டினார்கள்.) ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் மலையேறும் பல்சக்கர ரயில் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் சைக்கிளுக்காகவே ஒரு திறந்த குட்டி வண்டியைக் கோர்த்திருக்கிறார்கள். மேட்டில் மிதிக்க யாருக்கும் பிடிக்காது என்பது உலகப் பொதுவிதி போலிருக்கிறது.

இந்தியாவில் மெட்ரோ வந்த பிறகுதான் கேள்வி மறுபடி எழுந்தது. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சைக்கிளை ரயிலுக்குள்ளேயே விட்டது. முதலில் சில ஸ்டேஷன்களில் மட்டும், பிறகு எல்லாவற்றிலும். தனிக் கட்டணம் கிடையாது. கொரோனா காலத்தில் பலர் சைக்கிளுக்குத் திரும்பியிருந்த நேரம் அது. பெங்களூரு மெட்ரோ 2022-ல் அனுமதி கொடுத்தது, ஆனால் மடக்கு சைக்கிளுக்கு மட்டும். கடைசிப் பெட்டியில்தான் ஏற வேண்டும், எடை 15 கிலோவைத் தாண்டக்கூடாது, மடித்தபின் 60 - 45 - 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

அந்த அளவைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அடக்கமான ஒரு பெட்டியின் அளவு அது. சைக்கிள் சைக்கிளாக வந்தால் இடமில்லை, பெட்டி வேஷம் போட்டு வந்தால் இடம் உண்டு! மடக்கு சைக்கிள் என்ன விலை என்று கடையில் கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு அரசு கொடுக்கிற சைக்கிளையும், பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்ட சைக்கிளையும் எப்படி மடிப்பது? அவை மடங்காத சைக்கிள்கள். உண்மையில் ரயில் தேவைப்படுகிறவர்கள் அந்த மடங்காத சைக்கிள்காரர்கள்தான். அதனால் எனக்குக் கொச்சியின் பதில் பிடித்திருக்கிறது, பெங்களூருவின் பதில் பாதிதான் பிடித்திருக்கிறது.

அதற்காக எல்லா ரயிலிலும் சைக்கிளை ஏற்று என்று நான் சொல்லமாட்டேன். காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம் லோக்கலில் ஒருவர் சைக்கிளோடு ஏறினால் முதலில் அவரை இறக்கிவிடச் சொல்கிறவன் நானாகத்தான் இருப்பேன். கால் வைக்க இடமில்லாத இடத்தில் டச்சுக்காரர்கள் சொல்வதுதான் சரி. ஸ்டேஷனில் நல்ல ஸ்டாண்ட் போடு, பூட்டு உடையாமல் பார்த்துக்கொள், போதும்.

ஆனால் நடுவில் ஆறு இருக்கிற ஊருக்கு நியாயம் வேறு. டோல்கேட்டுக்கும் டவுனுக்கும் நடுவில் சைக்கிள்காரனுக்கு வேறு வழியே கிடையாது, இரண்டு பாலத்தையும் தாண்டியே ஆகவேண்டும். 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்துக்குப் பதிலாக 2016-ல் புதுப் பாலம் வந்தது. வண்டிகள் புதுப் பாலத்துக்குப் போய்விட்டன, பழைய பாலத்தில் காலையில் ஆட்கள் நடைப்பயிற்சி போனார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. லாரித் தொல்லை இல்லாமல் சைக்கிள் போக ஒரு பாதை கிடைத்திருக்கலாம், அது ஆற்றோடு போய்விட்டது. காவிரிப் பாலமும் 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடப்பட்டு மாதக்கணக்கில் எல்லோரும் சுற்றிப் போனார்கள். அந்த நாட்களிலும் ரயில் பாலத்தின் மேல் வண்டிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டுதான் இருந்தன.

திருச்சிக்கும் மெட்ரோ வரும் என்று சில வருடங்களாகப் பேச்சு. சாத்தியக்கூறு அறிக்கையில் சொன்ன பாதைகளில் ஒன்று சமயபுரத்திலிருந்து வயலூருக்கு. எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பி, கொள்ளிடம், காவிரி இரண்டையும் தாண்டிப் போகிற பாதை! தண்டவாளம் ஒன்றும் போடவில்லை, வருமா வராதா என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. வந்தால் பெட்டியின் ஓரத்தில் நாலு கொக்கி வைக்க வேண்டும் என்று யாராவது இப்போதே எழுதி வைத்தால் நல்லது. பெட்டி வாங்கிய பிறகு விதியை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்குத்தான் இத்தனை வரலாறும் படித்தேன்.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கொச்சியில் சைக்கிளை ரயிலுக்குள்ளேயே ஏற்றுகிறார்கள் என்றதும் "காசு கேக்க மாட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு டவுன் சைக்கிள் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன்.

வேலையை விட்ட அன்று அதை ஊருக்குக் கொண்டு வரவேண்டி இருந்தது. பார்சலில் போடலாமா என்று ஸ்டேஷனில் நின்று யோசித்தாராம். ஒரு பீடி குடித்து முடிக்கிறவரை யோசித்துவிட்டு, ஏறி மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். காவிரிப் பாலம், திருவானைக்காவல், கொள்ளிடம் பாலம், டோல்கேட். பாட்டியிடம் மட்டும் ரயிலில்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். "அப்ப சைக்கிள் எப்படி வந்துச்சு?" என்று பாட்டி கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த மாதச் சீசனில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்ததாம்.